கூரை மேல் கரட்டுச் செடிகள்

பங்குனி பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் சமவெளியில் கான்கிரீட் தளம் போட்ட வீடுகள் அடுப்பு போல் ஆகிவிடுகின்றன. பகல் முழுவதும் வாங்கிய வெயிலைத் தளம் இரவு வெகுநேரம் வரையில் வீட்டுக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். மின்விசிறி சுழன்றாலும் சூடான காற்றே இறங்கும். பனையோலையும் நாட்டு ஓடும் வேய்ந்த வீடுகளில் இந்தத் தொல்லை இவ்வளவு இருந்ததில்லை. அவை குறைந்து, கான்கிரீட்டும் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் பெருகியதால் கூரைச் சூடு ஒரு பெரும் பிரச்சினையாகிவிட்டது.

இதற்கு ஒரு தீர்வாக உயிர்க்கூரை என்னும் முறை பேசப்படுகிறது. கூரைத் தளத்தின் மேல் மெல்லிய மண்படுகை அமைத்து, அதில் செடிகளை நெருக்கமாக வளர்த்து, கூரை முழுவதையும் பசுமையால் மூடுவதே உயிர்க்கூரை. பைகளிலும் தொட்டிகளிலும் காய்கறி வளர்க்கும் மாடித் தோட்டம் வேறு, இது வேறு. மாடித் தோட்டத்தில் விளைச்சல் நோக்கம். உயிர்க்கூரையில் கூரைக்குப் போர்வை போடுவது நோக்கம்.

பள்ளி, நூலகம், சமுதாயக் கூடம் போன்ற பொதுக் கட்டடங்களில் இதனை அமைக்க மாணவர்களும் இளைஞர் மன்றத்தினரும் மகளிர் குழுவினரும் தாமாக முன்வருவது வரவேற்கத்தக்கது. ஆனால் ஆர்வம் மட்டும் போதாது. கூரை தாங்குமா என்று பார்க்காமல் மண் ஏற்றினால் கட்டடத்துக்கே ஆபத்து. பாராட்டும் புகைப்படமும் முடிந்த பிறகு தண்ணீர் விட ஆளில்லாவிட்டால், ஆவணியில் நட்டது சித்திரையில் சருகாகிவிடும். எடை, செடித் தேர்வு, முதல் கோடைப் பராமரிப்பு ஆகிய மூன்றும் சரியாக இருந்தால்தான் உயிர்க்கூரை நிலைக்கும்.

கூரையில் கொடி நமக்குப் புதிதல்ல

நம் கிராமங்களில் வீட்டோரம் குழி எடுத்து, எரு இட்டு, சுரை, பூசணி, பீர்க்கன், அவரை விதைகளை ஊன்றி, கொடியைக் கூரை மேல் ஏற்றிவிடுவது நெடுங்கால வழக்கம். காயும் கிடைத்தது, கூரைக்கு நிழலும் கிடைத்தது. இந்த முறையில் ஒரு நுட்பம் உண்டு. மண்ணும் நீரும் தரையிலேயே இருந்தன. கொடியின் எடை மட்டுமே கூரை மேல் இருந்தது. பலவீனமான கூரைகளுக்கு இன்றும் இதுவே ஏற்ற முறையாகும்.

உயிர்க்கூரையில் மண்ணும் கூரை மேல் ஏறுகிறது. மழை பெய்தால் அந்த மண் நீரைக் குடித்து மேலும் கனக்கிறது. இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

எவ்வாறு குளிர்ச்சி தருகிறது?

மூன்று வழிகளில் உயிர்க்கூரை வெப்பத்தைக் குறைக்கிறது. முதலாவது நிழல். வெயில் தளத்தில் நேராக விழாமல் இலைகளில் விழுகிறது. இரண்டாவது, மண்படுகை. பகல் வெப்பம் தளத்தை எட்டுவதை அது தாமதப்படுத்துகிறது. மூன்றாவது, செடிகளும் மண்ணும் வெளியிடும் நீராவி. ஒரு லிட்டர் நீர் ஆவியாக மாற, 1,000 வாட் மின் அடுப்பு சுமார் 40 நிமிடம் எரிந்தால் உண்டாகும் அளவு வெப்பம் தேவைப்படுகிறது. அந்த வெப்பத்தில் பெரும்பகுதி கூரையிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

மண் காய்ந்துவிட்டால் இந்த மூன்றாவது பயன் நின்றுவிடும். நிழலும் மண்படுகையின் தடுப்பும் மட்டும் மிஞ்சும். கோடையில் நீரே விடாமல் முழுக் குளிர்ச்சியை எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு பயனும் உண்டு. காய்ந்த மண்படுகை, பெய்யும் மழையில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. 1,000 சதுர அடிக் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை தங்கினால் அது ஏறக்குறைய 1,850 லிட்டர் நீராகும். கோடை மழை கொட்டும்போது தெருச் சாக்கடைக்கு ஒரே சமயத்தில் பாயும் நீர் அந்த அளவுக்குக் குறையும்.

எடையே முதல் கேள்வி

நனைந்த சாதாரண மண் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.8 கிலோ இருக்கும். ஒரு சதுர அடிப் பரப்பில் நான்கு அங்குல உயரம் மண் போட்டால் 17 கிலோ ஆகிறது. பத்துக்குப் பத்து அடி அறையின் கூரைக்கு இது 1,700 கிலோ. 60 கிலோ எடையுள்ள 28 ஆட்கள் அந்தச் சிறு தளத்தில் இரவும் பகலும், ஆண்டு முழுவதும் நிற்பதற்கு இது சமம்.

தளம் எவ்வளவு தாங்கும்? இந்தியத் தர நிர்ணயப்படி, ஆட்கள் ஏறி நடமாடும் தட்டையான கூரைக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ, அதாவது சதுர அடிக்கு ஏறக்குறைய 14 கிலோ சுமை வரும் என்று வைத்துப் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். பழுது பார்க்க மட்டும் ஏறும் கூரைக்கு இதில் பாதிதான். நான்கு அங்குலச் சாதாரண மண் இந்த அளவை மிஞ்சிவிடுவதைக் காணலாம். மேலும், கட்டி முப்பது நாற்பது ஆண்டுகளாகி, கம்பி துருவேறி, அடிப்பக்கம் காரை பெயர்ந்த தளத்துக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது.

ஆகவே ஒரு கூடை மண் ஏற்றுவதற்கு முன்பும் கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து தளத்தையும் பீம்களையும் சுவர்களையும் பார்த்து, எவ்வளவு எடை ஏற்றலாம், எந்த இடத்தில் ஏற்றலாம் என்று எழுத்தில் தர வேண்டும். பொதுக் கட்டடமானால் அதற்குப் பொறுப்பான துறையின் அனுமதியும் அவசியம். பழகிய கொத்தனார் 'தாங்கும்' என்று வாய்ச்சொல் சொன்னால் போதாது. புதிதாக வீடு கட்டுவோர் வரைபடம் போடும்போதே உயிர்க்கூரை வேண்டும் என்று சொல்லிவிட்டால், அதற்கேற்ப கம்பியும் கனமும் அமைத்துவிடலாம். அப்போது ஆகும் கூடுதல் செலவு, பின்னால் தளத்தை வலுப்படுத்த ஆகும் செலவைவிட மிகக் குறைவு.

எந்தக் கூரை ஏற்றது?

நல்ல நிலையில் உள்ள கான்கிரீட் தளமே உயிர்க்கூரைக்கு ஏற்றது. மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மண் ஏற்றக் கூடாது. ஈரம் இறங்கினால் மரச்சட்டம் உளுத்துவிடும்.

ஓட்டு வீடு, தகரக் கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஆகியவற்றின் மேல் மண் கூடவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் மேல் ஏறி நடப்பதும் அதில் துளையிடுவதும் ஆபத்தானவை. தகடு உடைந்து ஆள் விழக்கூடும். உடையும்போது கிளம்பும் நுண்ணிய நார்த்தூள் நுரையீரலைக் கெடுக்கும். இத்தகைய கூரைகளுக்குக் கொடி முறையே சிறந்தது. கூரையைத் தொடாமல் ஒரு முழ உயரத்தில், தரையில் ஊன்றிய தூண்களின் மேல் கம்பிப் பந்தல் அமைத்து, தரையிலிருந்து கோவை, முடக்கத்தான், அவரை, பீர்க்கன் கொடிகளை ஏற்றலாம். இடையில் காற்று ஓடுவதால் கூரை நன்கு குளிரும்.

நாமக்கல் பகுதிக் கோழிப் பண்ணையாளர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. கோடையில் கோழிகள் வாய் திறந்து இரைப்பதும், தீவனம் எடுப்பது குறைவதும், முட்டை குறைவதும் அவர்கள் அறிந்ததே. அதற்காகப் பண்ணைக் கொட்டகையின் மேல் உயிர்க்கூரை அமைக்க முனைய வேண்டாம். அந்தக் கூரைச் சட்டங்கள் அவ்வளவு எடைக்காகக் கட்டப்பட்டவை அல்ல. பசுங்கொடிகள் எலிகளுக்கும் காட்டுப் பறவைகளுக்கும் இடம் கொடுத்து நோய் கொண்டுவரவும் கூடும். கூரைக்கு வெள்ளை பூசுவது, நீர் தெளிப்பது, சற்றுத் தள்ளி நிழல் மரங்கள் வளர்ப்பது ஆகியவையே அங்கு ஏற்றவை.

கரடு காட்டும் வழி

மூன்று அங்குல மண், நாற்பது டிகிரியை நெருங்கும் வெயில், மாதக்கணக்கில் மழையின்மை, பலத்த காற்று. இந்த நான்கையும் தாங்கும் செடி எது என்று நாற்றங்கால்காரரிடம் கேட்பதைவிட, ஊர்ப் பக்கத்துக் கரட்டைப் போய்ப் பார்ப்பது நல்லது. சேலம், நாமக்கல் சமவெளியில் ஊருக்கு ஊர் பாறைக் கரடுகள் உள்ளன. பாறை மேல் படிந்த ஒரு சாண் மண்ணில், யாரும் நீர் விடாமல், எத்தனையோ செடிகள் அங்கே வாழ்கின்றன. கோடையில் சில இலை உதிர்க்கும். சில தண்டில் நீர் தேக்கி நிற்கும். சில விதையாகக் கிடந்து அடுத்த மழைக்கு முளைக்கும். பாறை மேல் கரட்டு மண் இருப்பது போலவே கான்கிரீட் மேல் கூரை மண் இருக்கிறது. ஆதலால் அந்தச் செடிகளே கூரைக்கு ஏற்றவை.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் உள்ள கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் கட்டடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2008-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் மேல் இரண்டரை ஏக்கர் பரப்பில் உயிர்க்கூரை உள்ளது. அங்கும் கோடையில் மழை கிடையாது. அந்தப் பகுதிக்கே உரிய சுமார் முப்பது செடி வகைகளைச் சோதித்து, அவற்றில் ஒன்பதை மட்டும் முதல் நடவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தேங்காய் நாரினால் செய்த, மட்கிப்போகக்கூடிய சுமார் 50,000 தட்டுகளில் செடிகளை முன்னதாகவே வளர்த்து, பின்னர் தட்டுகளோடு கூரையில் அடுக்கினார்கள். உள்ளூர்ச் செடி, முன்கூட்டியே சோதனை, நாற்றாக வளர்த்து நடுதல் என்னும் மூன்று பாடங்களும் நமக்கும் பொருந்தும். தேங்காய் நாருக்கும் நம்மிடம் பஞ்சமில்லை.

ஏற்ற செடிகள்

நம் பகுதிக் கூரைகளுக்குப் பின்வரும் செடிகளைச் சிபாரிசு செய்யலாம்.

பிரண்டை: உயிர்வேலிகளில் தானாகப் படர்வது. இரண்டு கணுவுள்ள துண்டு போதும். கோடையைத் தாங்கும், சமையலுக்கும் உதவும்.

கள்ளிமுளையான்: தண்டில் நீர் தேக்கும் சிறு செடி. மேலோட்டமான மண்ணே போதும். கரடுகளில் குறைந்துவருவதால் வேரோடு பிடுங்கி வராமல், தண்டுத் துண்டு எடுத்து நட வேண்டும்.

மருள்: கத்தி போன்ற தடித்த இலையுடையது. வறட்சிக்கு அஞ்சாதது. கிழங்கு பரவுவதால், இதனைச் சட்டியோடு வைப்பது நல்லது.

பருப்புக்கீரை: மழை பெய்தவுடன் படர்ந்து மண்ணை மூடும். கீரையாகவும் பயன்படும். கோடையில் மடிந்தாலும் விழுந்த விதை மீண்டும் முளைக்கும்.

சிறுபூளை: பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூச் செடி. சரளை நிலத்திலும் செழிக்கும்.

விஷ்ணுகிராந்தி: நீலப் பூவுடன் தரையோடு படர்வது. மண் அரிப்பைத் தடுக்கும்.

தும்பை: மழைக்காலச் செடி. வண்ணத்துப்பூச்சிகளையும் தேனீக்களையும் ஈர்க்கும். விதை தூவினால் போதும்.

கொழுக்கட்டைப் புல்: நம் மேய்ச்சல் நிலப் புல். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் காய்ந்த புல் எளிதில் தீப்பற்றும். ஆகையால் அங்கங்கே சில தூர்களாக மட்டும் நட்டு, தை மாத முடிவில் அறுத்துவிட வேண்டும்.

சோற்றுக்கற்றாழை நம் நாட்டில் தோன்றியதன்று. ஆயினும் நெடுங்காலமாக இங்கே பழகியது. ஓரங்களில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே செடியை முழுக் கூரைக்கும் நடக் கூடாது. ஒன்று பட்டுப்போனால் கூரையே வெறுமையாகும். தண்டில் நீர் தேக்குபவை பாதி, படர்பவையும் பூச்செடிகளும் மீதி என்று கலந்து நட வேண்டும்.

விலக்க வேண்டியவை

மெக்சிகன் புல் போன்ற அலங்காரப் புல்வகைகள் தினமும் தண்ணீர் கேட்கும். அவை நம் பகுதிக்கு ஏற்றவை அல்ல. அருகம்புல்லின் கிழங்கு விரிப்பின் ஓரங்களிலும் வெடிப்புகளிலும் புகும். மூக்கிரட்டையின் ஆணிவேர் ஆழமாக இறங்கும். ஆவாரை நம் மண்ணின் செடிதான், ஆனால் மூன்று அங்குல மண் அதற்குப் போதாது. அதனைத் தரையில் வளர்ப்பதே முறை.

மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது பறவை எச்சத்தில் முளைக்கும் ஆல், அரசு, வேம்புக் கன்றுகளைப் பற்றி. இவற்றை இரண்டு இலை விடும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். ஒரு வருடம் விட்டால் வேர் தளத்தைப் பிளக்கும்.

செடிகளையும் விதைகளையும் காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி எடுத்து வரக் கூடாது. அது சட்டப்படி குற்றம். சொந்த நிலத்து வரப்பு, வேலி, கொல்லைப்புறம் ஆகிய இடங்களிலேயே இவற்றில் பெரும்பாலானவை கிடைக்கும்.

தளம் தயாரித்தல்

முதலில் தளத்தில் ஒழுக்கு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். நீர் வெளியேறும் குழாய்களை அடைத்து, தளத்தில் ஓர் அங்குல உயரம் நீர் தேக்கி, 48 மணி நேரம் விட வேண்டும். அறைக்குள் ஈரக் கறை தோன்றினால் அதைச் சரிசெய்த பிறகே மேலே செல்ல வேண்டும். மண் போட்ட பின் ஒழுக்கைக் கண்டுபிடிப்பது கடினம்.

அடுத்து, பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் பாலித்தீன் விரிப்பை ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக விரித்து, ஓரங்களில் அரையடி மேலே மடித்து விட வேண்டும். இது வேரையும் நீரையும் தடுக்கும். அதன் மேல் செங்கல் சல்லி ஓர் அங்குலம். மிகுதியான நீர் இதன் வழியே வடியும். சல்லி மேல் நிழல்வலையை இரண்டு மடிப்பாக விரித்தால் மண் கரைந்து இறங்காது. அதன் மேல் மூன்று அங்குலம் கலவை.

கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கு மண் போடாமல் விட வேண்டும். நடக்கவும், ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கவும் இது பயன்படும். நீர்க் குழாய் வாய்களும் திறந்த நிலையில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கம்பி வலை பொருத்த வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் ஒரே மழையில் தளம் குளமாகி, எடை பல மடங்கு கூடிவிடும்.

கலவையும் எடை பார்த்தலும்

மட்கிய தென்னை நார்க்கழிவு 2 பங்கு, உமிக்கரி 1 பங்கு, பொடித்த செங்கல் 1 பங்கு, செம்மண் 1 பங்கு சேர்த்துக் கலக்கலாம். பச்சை நார்க்கழிவை அப்படியே போடக் கூடாது. ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து மட்க வைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்துள்ளது.

ஏரி வண்டல் வயலுக்குப் பொன். ஆனால் கூரைக்கு ஆகாது. கனமும் அதிகம், நீரும் வடியாது. அதேபோல, எளிதில் கிடைக்கிறது என்று கோழி எருவைக் கலக்க வேண்டாம். கரட்டுச் செடிகள் ஏழை மண்ணில் பிழைப்பவை. உரம் மிகுந்தால் களைகள்தான் செழிக்கும். செடிகள் கொழுத்து வளர்ந்து கோடையில் வாடிவிடும்.

கலவையை மாடிக்கு ஏற்றும் முன் எடை பார்க்க வேண்டும். அடியில் துளையிட்ட பத்து லிட்டர் வாளியில் கலவையை நிரப்பி, நன்றாக நீர் ஊற்றி, சொட்டுவது நின்றதும் தராசில் நிறுக்க வேண்டும். வாளியின் எடையைக் கழித்துப் பன்னிரண்டு கிலோவுக்குள் இருந்தால் ஏற்கலாம். காய்ந்த நார்க்கழிவு பஞ்சு போலத் தோன்றினாலும் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும். எனவே காய்ந்த எடையைக் கொண்டு கணக்குப் போடக் கூடாது.

இவ்வளவில் அமைந்த கலவை மூன்று அங்குல உயரத்துக்குச் சதுர அடிக்கு 8.5 கிலோ. அடியிலுள்ள செங்கல் சல்லி நனைந்த நிலையில் 3.5 கிலோ. ஆக மொத்தம் 12 கிலோ. 14 கிலோ தாங்கும் என்று கணக்கிட்ட தளத்தில் ஆட்கள் நடமாட மிஞ்சுவது இரண்டு கிலோ மட்டுமே. எனவே முழுத் தளத்தையும் மூடாமல், பொறியாளர் குறித்துக் கொடுக்கும் பகுதியில் மட்டும் அமைப்பதும், முடிந்தபின் கூட்டமாக ஏறாமல் இருப்பதும் அவசியம். பொறியாளர் இதைவிடக் குறைவாகச் சொன்னால் அதையே ஏற்க வேண்டும்.

நடவு நாளும் தொண்டர்களும்

பொதுவேலைக்குக் கைகொடுப்பது இந்தப் பகுதி மக்களுக்குப் பழக்கமானது. 2010-ஆம் ஆண்டில் சேலம் கன்னங்குறிச்சியில் உள்ள மூக்கனேரியைச் சேலம் சிட்டிசன்ஸ் ஃபோரம் அமைப்பினர் பொதுமக்கள் துணையுடன் சீரமைத்தார்கள். ஏரியில் எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே தீவுகளாகக் குவித்து மரக்கன்றுகளும் நட்டார்கள். பறவைகள் வந்து தங்கும் இடமாக அது மாறியது. கூரை சிறிய இடம்தான், ஆனால் அதற்கும் இத்தகைய கூட்டுழைப்பு வேண்டும்.

முதல் முயற்சியை 200 சதுர அடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இதற்குக் கலவை ஏறக்குறைய 1,400 லிட்டரும் சல்லி 470 லிட்டரும் தேவைப்படும். பத்து லிட்டர் இரும்புச் சட்டியில் சுமார் 190 நடை. இருபது பேர் வரிசையாக நின்று சட்டி மாற்றினால் ஒரு காலைப் பொழுதில் ஏற்றிவிடலாம். முக்கால் அடி இடைவெளியில் நட 350 கன்றுகள் வேண்டும். பட்டுப்போன இடங்களை நிரப்ப மேலும் 60 கன்றுகள் கையிருப்பில் இருக்க வேண்டும்.

கன்றுகளையும் துண்டுகளையும் வைகாசி, ஆனியில் தரையில் அதே கலவையில் வளர்த்து, வெயிலுக்குப் பழக்க வேண்டும். ஆடியில் தளம் தயாராக வேண்டும். ஆவணியில் நட்டால் புரட்டாசி, ஐப்பசி மழையில் வேர் பிடித்து, கோடைக்கு முன் ஐந்து மாத வளர்ச்சி கிடைக்கும். தும்பை, விஷ்ணுகிராந்தி விதைகளை மணலோடு கலந்து புரட்டாசியில் தூவலாம்.

நடவு நாளில் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு.

மேலே ஏறிய கலவையை ஒரே இடத்தில் குவிக்கக் கூடாது. சட்டி வர வர உடனே பரப்பிவிட வேண்டும். முழுப் பரப்பில் தாங்கும் எடை ஓரிடத்தில் குவிந்தால் தளத்தில் வெடிப்பு விழும்.

பொறியாளர் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் மாடியில் நிற்கக் கூடாது. மற்றவர்கள் படியிலும் தரையிலும் பணி செய்யலாம்.

கைப்பிடிச் சுவர் மூன்றடி உயரமாவது இல்லாத மாடியில் வேலையே வைக்கக் கூடாது. சிறுவர்களுக்குக் கீழே கன்று பிரிப்பது, விதை கலப்பது, பெயர்ப்பலகை எழுதுவது ஆகிய பணிகளைக் கொடுக்கலாம்.

அருகில் மின்கம்பி செல்கிறதா என்று பார்த்து, உயரமான மூங்கில், இரும்புக் குழாய்களை மேலே கொண்டு செல்லாமல் இருக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கி பத்து மணிக்குள் முடிப்பது செடிகளுக்கும் ஆட்களுக்கும் நல்லது. நட்டவுடன் உயிர்த்தண்ணீர் விட வேண்டும்.

மயில் நடமாட்டம் உள்ள ஊர்களில் முதல் நாற்பது நாட்கள் மேலே பழைய வலை விரித்துக் காக்க வேண்டும். இல்லையேல் இளம் கன்றுகளைக் கிளறிவிடும்.

முதல் கோடை

நடவுக்கு நூறு பேர் வருவதைவிட, நட்ட பின் ஏழு பேர் தொடர்ந்து வருவதே முக்கியம். வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு பொறுப்பாளர்கள் என்று பெயர் எழுதி, நடவுக்கு முன்பே சுவரில் ஒட்டிவிட வேண்டும். பள்ளியானால் ஏப்ரல், மே விடுமுறையில் யார் வருவார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பள்ளி பூட்டிக் கிடக்கும் அந்த நாட்களில்தான் செடிக்கு அதிக ஆபத்து.

மழை இல்லாத நாட்களில் முதல் மூன்று மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீர் விட வேண்டும். மண்படுகை முழுவதும் நனையும் அளவு போதும். அதற்கு மேல் விட்டால் வடிந்து வீணாகும். முதல் ஆண்டு மாசி முதல் வைகாசி வரை இதையே தொடர வேண்டும். அரிசி, காய் கழுவிய நீரையும் பயன்படுத்தலாம். சோப்பு நீர் கூடாது. இரண்டாம் கோடையில் பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் போதுமானது. அதன் பிறகு பெரும்பாலான செடிகள் கரட்டில் வாழ்வதுபோல் தாமே பிழைத்துக்கொள்ளும்.

கோடையில் கூரை பழுப்பாகத் தெரிந்தால் செடி செத்துவிட்டதென்று பிடுங்கிவிடக் கூடாது. கரடும் சித்திரையில் அப்படித்தான் இருக்கிறது. முதல் மழைக்குப் பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்து, துளிர்க்காத இடத்தில் மட்டும் மறுநடவு செய்ய வேண்டும்.

முதல் ஆண்டில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை களை எடுக்க வேண்டும். களைக்கொட்டும் மண்வெட்டியும் மாடிக்கு வரவே கூடாது, விரிப்பு கிழிந்துவிடும். கையால் மட்டுமே எடுக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பும் ஒவ்வொரு பெருமழைக்குப் பின்பும் குழாய் வாய்களைச் சுத்தம் செய்ய வேண்டும். கீழே உள்ள அறையின் மேற்தளத்தில் ஈரமோ வெடிப்போ தென்படுகிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். தென்பட்டால் உடனே அப்பகுதி மண்ணை இறக்கிவிட்டுப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

சுண்ணாம்பா, செடியா?

வீட்டைக் குளிர்விப்பது மட்டுமே நோக்கமானால், கோடைக்கு முன் மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவது மிகக் குறைந்த செலவில் நல்ல பலன் தரும். பழைய கட்டடங்களுக்கும் தனியார் சிறு வீடுகளுக்கும் அதுவே போதுமானது. உயிர்க்கூரைக்குச் செலவும் உழைப்பும் அதிகம். ஆனால் அது மழைநீரைப் பிடித்துவைக்கிறது. தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஊருக்குள் இடம் தருகிறது. கல்லுடைப்பும் வீட்டுமனைகளும் கரடுகளைத் தின்றுவரும் இந்தக் காலத்தில், பெயர் மறந்துபோகும் செடிகளைப் பிள்ளைகள் கண்ணெதிரே காப்பாற்றுகிறது. பள்ளிக் கூரையில் அமைக்கத் தகுந்த காரணம் இதுவே.

செடிகளை இனங்காணவும், நார்க்கழிவு மட்க வைக்கும் முறையை அறியவும் சேலம் மாவட்டத்தினர் சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், நாமக்கல் மாவட்டத்தினர் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

உயிர்க்கூரை அமைக்க விரும்பும் குழுவினர், முதலில் பொறியாளரிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். அடுத்து ஏழு நாள் தண்ணீர்ப் பொறுப்பாளர் பட்டியலை எழுத வேண்டும். இவ்விரண்டும் கையில் கிடைத்த பிறகு கன்று வளர்க்கத் தொடங்கலாம். இரண்டில் ஒன்று கிடைக்காவிட்டாலும் அந்த ஆண்டு கூரைக்குச் சுண்ணாம்பு பூசி, பள்ளிச் சுவரோரம் நான்கு சுரை விதை ஊன்றி, கம்பிப் பந்தலில் கொடியை ஏற்றிவிடலாம். கட்டடத்துக்குக் கேடில்லாமல் நிழலும் காயும் கிடைக்கும்.